கைப்பிடியில் ஒரு நடுக்கம்

கூரையிலிருந்து தொங்கிய எக்ஸ்ரே கருவி, மேசையில் படுத்திருந்த லாரி டிரைவரின் தோளுக்கு மேலே வந்ததும் நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, குளிரில் தாடை அடித்துக்கொள்வது போல. பிறகு அதைத் தாங்கியிருந்த தூணே கிடுகிடுவென்று ஆடியது. கைப்பிடியைப் பிடித்திருந்த டெக்னீஷியன் சட்டென்று கையை எடுத்தாள். கை விலகியதும் மோட்டார் நின்றது. கருவியும் ஒன்றுமே நடக்காதது போல அந்தரத்தில் அப்படியே நின்றது.

லாரி டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து மேலே பார்த்தார். தோள் மூட்டு நழுவிய வலியிலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, என்னைப் பார்த்து அதுக்குப் பயமா?" என்று கேட்டார்.

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டு, பழையபடி தன் உடம்பு பலத்தால் கருவியைத் தள்ளி நிறுத்தினாள். படம் எடுத்து அவரை அனுப்பிவைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தன் தங்கைக்கு போன் செய்து, "உன் மிஷின் சரியில்ல. வந்து பாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கருவியை ஓட்டும் மூளையைச் செய்தவள் அந்தத் தங்கைதான். அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒரு நாற்காலியில் அவள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யோசித்தாலும் நடப்பாள், பேசினாலும் நடப்பாள். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் அவள் தன்னுடையதைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அக்காவின் போன் வந்த அடுத்த நிமிடம் அவள் பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கருவி என்னவோ எளிமையானதுதான். கூரையில் தண்டவாளம் போல இரும்புச் சட்டங்கள், அவற்றில் ஓடும் ஒரு தூண், தூணின் நுனியில் எக்ஸ்ரே குழாய் வைத்த கனமான தலை. அதை ஒவ்வொரு நோயாளிக்கும் காலுக்கும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நேராக இழுத்து இழுத்து நிறுத்த வேண்டும். நாள் முழுக்க அந்த வேலையைச் செய்பவர்களுக்கு நடுவயதுக்கு முன்பே தோள்பட்டை போய்விடும். அதனால்தான் பம்பரத்தின் கம்பெனி அதில் மோட்டார் வைத்தது. மோட்டார் வைப்பது பெரிய காரியம் இல்லை. எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ள வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வதுதான் பெரிய காரியம். கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார்கள், கை எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து சொல்லும். அந்த அளவுகளைப் பார்த்து, இந்தக் கை எங்கே போக நினைக்கிறது என்று ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் நிரல், ஊகிக்கும். மனிதர்கள் கருவியைத் தள்ளிய ஆயிரக்கணக்கான பதிவுகளைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கியது பம்பரம்.

பழகிய பிறகு அது செய்த வேலையைக் கண்டு கம்பெனியே வாயைப் பிளந்தது. கை தள்ளத் தொடங்கும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே கருவி நகரத் தொடங்கிவிடும். கனமே தெரியாது. "நினைச்சாலே நகருது" என்று வருகிறவர்களிடமெல்லாம் டீம் லீடர் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டும் வேலை எப்போதும் பம்பரத்துடையதுதான். அவள் கை பட்டால் அந்தக் கருவி செல்லப்பிள்ளை போல ஓடிவரும். இரும்பு வேலைகளைப் பார்த்துக்கொண்ட மூத்த மெக்கானிக், போல்ட் அண்ணா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், தான் தள்ளும்போது மட்டும் அது கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று அடிக்கடி குறைப்படுவார். கருவிக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரிகிறது என்று அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கருவியை எந்த ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, பம்பரம் தன் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைச் சொன்னாள். அக்கா அங்கே எக்ஸ்ரே பிரிவில் மூத்த டெக்னீஷியன். அந்தப் பிரிவின் தலைமை டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். ஆகவே இப்போது கருவி நடுங்கினால் இரண்டு பேருக்கும் தலைகுனிவு.

பம்பரமும் போல்ட் அண்ணாவும் எக்ஸ்ரே அறையிலேயே குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்து ஏணி போட்டு ஏறினார்கள். தண்டவாளத்தின் மட்டத்தைப் பார்த்தார்கள். சக்கரங்களைக் கழற்றி மாட்டினார்கள். கேபிளை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள், கடைசியில் கைப்பிடியையே மாற்றினார்கள். பம்பரம் தள்ளினால் கருவி வெண்ணெய் போலப் போனது. போல்ட் அண்ணா தள்ளினால் சாவகாசமாகப் போனது. அறையைத் துடைக்க வந்த பெண்ணைத் தள்ளச் சொன்னார்கள், அவருக்கும் நன்றாகவே போனது. ஆனால் அக்கா பிடித்தால் மட்டும், எப்போதும் இல்லை, சில நேரம், குறிப்பாக உயரத்தில் கையை நீட்டிப் பிடிக்கும்போது, அதற்கு ஜுரம் கண்டது போல உதறல் எடுத்தது.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் அம்மா தட்டில் எதைப் போட்டாள், தான் எதைச் சாப்பிட்டோம் என்று தெரியாமல் எழுந்து போனாள். ஒரு மனிதனின் முகத்துக்கு மேலே அத்தனை கனம் ஆடியிருக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து நடந்தாள்.

டீம் லீடர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒழுங்காக ஓடுகிறது, ஒருவருக்கு மட்டும் ஓடவில்லை என்றால் அந்த ஒருவர் பிடிக்கும் விதத்தில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், அவரை மட்டும் மோட்டார் இல்லாமல் வேலை பார்க்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை வைத்துச் சோதனையை முடித்துவிடலாம் என்றார். அந்த ஒருவர் யார் என்று அவருக்குத் தெரியும். அதனால் சொல்லும்போது பம்பரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிடிக்கும் விதம் என்ற அந்தச் சொல் அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று வீட்டில் அக்காவை முதன்முறையாக வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அத்தானுக்குக் கப்பலில் வேலை. அவர் கடலில் இருக்கும் மாதங்களில் அக்கா அம்மா வீட்டில்தான் இருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் பம்பரம் கவனிக்காத விஷயங்கள் நிறைய இருந்தன. அக்கா இப்போதெல்லாம் டீயை அரை டம்ளருக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை. குழம்புக் கரண்டியை அவள் தொடுவதில்லை, அம்மாவே பரிமாறட்டும் என்று காத்திருந்தாள். கண்ணுக்கு மை தீட்டாமல் வாசல் தாண்டாதவள், அந்தப் பழக்கத்தையே விட்டிருந்தாள். கண் எரிகிறது என்று அதற்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் மாலை மாடியில் துணி எடுக்கப் போன அக்காவின் பின்னாலேயே பம்பரமும் போனாள். கொடியிலிருந்து கிளிப்பைக் கழற்றப் போன அக்காவின் விரல்கள், கிளிப்பைப் பிடிக்கும் முன் காற்றில் ஒரு கணம் படபடத்தன. 

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் பம்பரம்.

அக்கா திரும்பவில்லை. துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நாள் கணக்கெல்லாம் இல்லடி. போன மழைக்காலத்துக்கு முன்னாடியே இருக்கு."

அதன் பிறகு அக்கா தானாகவே சொன்னாள். கை சும்மா மடியில் இருக்கும்போது ஒன்றுமில்லை, எதையாவது எடுக்கப் போனால் வருகிறது. எக்ஸ்ரே எடுப்பதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் பக்கத்து ஸ்கேன் அறையில் முறைவைத்து வேலை பார்க்கும் நாட்களில் நோயாளிகளின் நரம்பில் மருந்து ஏற்றும் ஊசி போட வேண்டியிருக்கும். அந்த ஊசிகளைக் கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் காட்டினாயா என்று பம்பரம் கேட்டதற்கு, காட்டினால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களே என்றாள். எந்தப் பெயரை நினைத்து அவள் பயந்தாள் என்று இருவருக்கும் தெரியும். அதை இருவரும் சொல்லவில்லை.

"உன் நெட்வொர்க்கால இத மறைக்க முடியுமா?" என்று அக்கா கேட்டாள். "நான் ஆடினாலும் அது ஆடாத மாதிரி?"

"முடியும்" என்றாள் பம்பரம். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவளுக்குத் தெரிந்தது. 

உண்மையில் அது ஒரு நாள் வேலை. கைப்பிடியிலிருந்து வரும் அளவுகளில் வேகமாக மேலும் கீழும் போகும் சின்னச் சின்ன அலைகளை மட்டும் வடிகட்டிவிட்டு மீதியை நெட்வொர்க்குக்கு அனுப்பினால் போதும். நடுக்கம் இருப்பதே அதற்குத் தெரியாது. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். கோளாறு சரியாகிவிட்டது என்று சொன்னால் டீம் லீடருக்கும் சந்தோஷம். செய்வது சரியா தவறா என்று தனக்குள் கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அவள் மிக வேகமாக வேலை செய்தாள்.

கம்பெனியின் சோதனைக் கூடத்தில் அதே போல இன்னொரு கருவி இருந்தது. வடிகட்டியைப் போட்டுவிட்டு அவளே கைப்பிடியைப் பிடித்தாள். கருவி நகரவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினாள். அது ஒரு கணம் யோசித்து, அதன் பிறகு வேண்டாவெறுப்பாக நகர்ந்தது. அவளுக்கு முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. அவள் கைக்கு அது அப்படி நடந்துகொண்டதே இல்லை. வடிகட்டியை எடுத்தாள், ஓடிவந்தது. போட்டாள், முரண்டு பிடித்தது. போல்ட் அண்ணாவைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். வடிகட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரே மாதிரிதான் போனது.

"எனக்கு எப்பவுமே இப்படித்தானே" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பம்பரம் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். நெட்வொர்க்கைப் பழக்கிய பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெரும்பாலானவை அவளுடைய கைதான். கூடத்தில் எப்போதும் இருந்தவள் அவள். மற்றவர்களை வரவழைக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தானே தள்ளித் தள்ளிப் பதிவு செய்திருந்தாள். ஒவ்வொரு முறையும், கை கைப்பிடியைத் தொட்டு, தள்ளுவதற்குச் சற்று முன்னால், கோட்டில் ஒரு சிறு நெளிவு. சென்சாரில் தானாகவே வரும் பிசிறு என்று அவள் ஒதுக்கிவைத்த நெளிவு. போல்ட் அண்ணாவின் பதிவுகளில் அது இல்லை. ஆஸ்பத்திரியில் அக்காவின் கை பட்டபோது பதிவானதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அக்காவுடையது பெரிய அலை, அவளுடையது சிறிய அலை. ஆனால் இரண்டும் துடித்த வேகம் ஒன்றுதான். 

அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. இந்தக் கை நடுங்கினால் அடுத்துத் தள்ளப் போகிறது என்று நெட்வொர்க் கற்றுக்கொண்டிருக்கிறது. நினைத்தாலே நகர்கிறது என்று எல்லோரும் மெச்சிய வித்தை அதுதான். அவள் கையின் சின்ன நடுக்கத்தைப் பார்த்து முன்கூட்டியே ஓடிவந்த கருவி, அக்கா கையின் பெரிய நடுக்கத்துக்குக் கூடவே ஆடியது. அது ஆட ஆட அக்காவின் கையும் ஆடியது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கையை முன்னால் நீட்டி விரல்களின் மேல் அதை விரித்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. தாளின் ஓரம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று அவள் நடக்கக்கூட இல்லை என்று போல்ட் அண்ணா பிறகு சொன்னார்.

மறுநாள் டீம் லீடரின் அறைக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையைப் பற்றி மட்டும். அக்காவின் கை அக்காவுடையது, அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்திருந்தாள். திரையில் இருந்த அவளுடைய கோட்டையும் போல்ட் அண்ணாவுடைய கோட்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார். பழைய பதிவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து பழக்க வேண்டும் என்றால் சோதனை தள்ளிப் போகும், மேலே எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார்.

"இத இப்படியே சொல்லணுமா? டேட்டா போதலைன்னு சொன்னா ஆகாதா?"

"போதலைன்னு சொன்னா இதே கையால இன்னும் நிறையப் பதிவு பண்ணச் சொல்லுவாங்க சார். எல்லாம் ஒரே கையா இருந்ததுதான் தப்பு."

அவர் திரையை அணைத்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க. முதல்ல நீங்க ஒரு டாக்டரப் பார்த்தீங்களா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். உட்காரவும் இல்லை.

அன்று மாலை அக்காவிடமும் சொன்னாள். மறைக்கும் வேலையைச் செய்ய முடியாது என்றாள். ஏன் என்பதற்குத் தாளைக் கையில் விரித்துக் காட்டினாள். அக்கா தாளைப் பார்த்தாள். தங்கைக்கும் அது இருக்கிறது என்ற வருத்தமும், தன் வழி அடைபட்டுவிட்டது என்ற கோபமும் ஒரே நேரத்தில் அவள் முகத்தில் வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது. 

"நீ சொல்லிட்டே. உனக்கென்ன, உன் வேலைக்கு ஊசி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கீபோர்டு தட்டினா போதும். என்னை என்ன செய்யச் சொல்றே?"

பம்பரம் தாளை மடித்து வைத்தாள். அன்றிலிருந்து அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். ஒரே குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றால்கூட, "அம்மா, அவளை முதல்ல போகச் சொல்லு" என்று அம்மா வழியாகவே செய்தி போனது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தபால்காரி வேலைக்குத் தனக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பம்பரம் காலையில் சீக்கிரமே கிளம்பினாள். வேலைக்குப் போகும் வழியில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். கையைச் சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து விரல்களைப் பார்த்தாள். பார்த்ததும் மறுபடியும் பைக்குள் போட்டாள்.

அக்காவின் மனம் மாறியது யாருடைய புத்திமதியாலும் இல்லை. ஸ்கேன் அறையில் அவளோடு இருக்கும் பெண் ஒரு நாள் விடுப்பில் போய்விட்டாள். ஒல்லியான ஒரு பெண்மணி ஸ்கேனுக்கு வந்தாள். நூல் போன்ற நரம்புகள். தள்ளிவிட ஆள் இல்லாமல் அக்காவே ஊசியை எடுத்தாள். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. அந்தப் பெண்மணி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. "பரவாயில்லம்மா, எனக்கு நரம்பு கிடைக்கறது கஷ்டம்தான். எல்லாரும் சொல்லுவாங்க" என்று அக்காவைச் சமாதானப்படுத்தினாள். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வார்டிலிருந்து ஒரு நர்ஸை அழைத்துவந்து போடச் சொன்னாள். அந்த ஸ்கேன் முடிந்ததும் தலைமை டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

டாக்டர் கண்டிப்பான பெண்மணி. கேட்டுவிட்டு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நரம்பு டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை ஊசி பக்கம் போகக் கூடாது, ஸ்கேன் அறை முறையும் வேண்டாம், எக்ஸ்ரே மட்டும் பார்த்தால் போதும் என்றார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் கடிந்தும் கொண்டார். அக்கா அழாமல் வெளியே வந்து, அழாமல் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது அழுதாள். அம்மாவுக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பம்பரம் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். அக்கா டம்ளரை வாங்கினாள். ததும்பியது. இத்தனை நாள் கழித்து நேராக அவளிடமே பேசினாள்.

"டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்தே டோக்கன் போடு."

நரம்பு டாக்டரின் காத்திருப்பு அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். பம்பரம் நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அக்கா கடைசியில் அவள் துப்பட்டாவின் நுனியைத் தன் முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே போனதும் டாக்டர் இருவரையும் கையை நீட்டச் சொன்னார், மடியில் வைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காகிதத்தில் நத்தை ஓடு போலச் சுருள் வரையச் சொன்னார். அக்காவின் சுருள் ரம்பத்தின் பல் போல இருந்தது. பம்பரத்தினுடையது கிட்டத்தட்ட வழவழப்பாக வந்து, ஓரிடத்தில் மட்டும் சிலிர்த்திருந்தது.

அவர்கள் சொல்லாமல் வைத்திருந்த, மெல்ல மெல்ல உடம்பையே முடக்கிவிடும் அந்த நோயின் பெயரை டாக்டரே சொன்னார். அது இல்லை என்றார். சும்மா இருக்கும்போது நடுங்கினால்தான் அந்தச் சந்தேகம் வரும், இது வேலை செய்யப் போனால் வருகிற நடுக்கம், குடும்பத்தில் வழிவழியாக வருவது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கினார். முழுக்கப் போகாது, மாத்திரையால் குறையலாம், குறையாமலும் போகலாம். அக்காவுக்கு மாத்திரை எழுதினார். பம்பரத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். பிறகு, அப்பா அம்மாவில் யாருக்காவது கை நடுங்குமா என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.

வீட்டில் அம்மாவிடம் அதையும் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். 

"உங்க அப்பா வெளியில எங்கயும் டீ குடிக்க மாட்டார், ஞாபகம் இருக்கா? யார் வீட்டுக்குப் போனாலும் இப்பதான் குடிச்சேன்னு சொல்லிடுவார். கூச்ச சுபாவம்னு நினைச்சுட்டு இருந்தீங்க." 

அப்பா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் சொல்ல வேண்டாம் என்றதால் தானும் மூச்சுவிடவில்லை என்றாள் அம்மா. அக்காவுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பம்பரம் எழுந்து பால்கனிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். கடைகளின் முன்னால் டம்ளரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நின்ற ஒரு மனிதரை அவள் இப்போதுதான் புதிதாகத் தெரிந்துகொண்டது போல இருந்தது.

நெட்வொர்க்கை முதலிலிருந்து பழக்கும் வேலை தொடங்கியது. இம்முறை பம்பரம் ஆஸ்பத்திரியிலேயே கைகளைத் தேடினாள். குட்டையான நர்ஸ்கள், மலை போன்ற வார்டு பாய்கள், இடது கைக்காரர்கள், ஒரு விரல் வளையாத காவலாளி என்று சிக்கியவர்களையெல்லாம் பிடித்து இழுத்துவந்தாள். ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தே சம்பளம் கரைகிறது என்று போல்ட் அண்ணாவிடம் புலம்பினாள். அக்காவிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. 

அக்காவே ஒரு மத்தியானம் கைப்பிடிக்கு முன்னால் வந்து நின்றாள். 

"என் கைய ஏன் விட்டுட்டே? நல்லா நடுங்குற கை இல்லாம அது எப்படிக் கத்துக்கும்? இன்னைக்கு மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு தரம், போட்டப்புறம் ஒரு தரம் பதிவு பண்ணிக்கோ."

அன்று முழுவதும் அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். உயரத்தில், தாழ்வில், கை சோர்ந்து நடுக்கம் அதிகமாகும்வரை. நடுக்கம் வேறு, தள்ளுவது வேறு என்று அந்த நெட்வொர்க் பிரித்தறிந்தது பெரும்பாலும் அந்த ஒரு நாளின் பதிவுகளால்தான் என்று பம்பரம் பிற்பாடு டீம் லீடரிடம் சொன்னாள்.

புதிய நெட்வொர்க்கில் பழைய மாயம் இல்லை. கை தள்ளிய பிறகுதான் கருவி நகர்ந்தது. பம்பரத்துக்கு அது இப்போது செல்லம் இல்லை, போல்ட் அண்ணாவுக்கு எப்படியோ அப்படித்தான் அவளுக்கும். மேலே இருந்தவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. சோதனை தள்ளிப் போனதில் டீம் லீடர் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்காவுக்கு மாத்திரையில் நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. ஊசி போட அவளை மறுபடியும் விடவில்லை. விடும்படி அவளும் கேட்கவில்லை. ஸ்கேன் அறை வாசலைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் வேகமாகும்.

சோதனை முடியும் தறுவாயில் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து சிலர் கருவியைப் பார்க்க வந்தார்கள். காட்டும் வேலையைப் பம்பரம் இம்முறை ஏற்கவில்லை. அக்காதான் காட்டினாள். பம்பரம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றாள். அக்கா கையை உயர்த்திக் கைப்பிடியை நோக்கி நீட்டியதும் விரல்கள் காற்றில் ஆடின. வந்தவர்களில் கோட்டு போட்ட ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். 

"என்னம்மா, உங்க கை நடுங்குதே?" என்றார்.

பம்பரம் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். அக்கா கைப்பிடியைப் பிடித்தாள். கனமான அந்தத் தலை தூணோடு சேர்ந்து, சத்தமில்லாமல், ஒரே சீராக மேசையின் மேலே போய் நின்றது.

"ஆமா சார், எனக்கு நடுங்கும்" என்றாள் அக்கா. "மிஷினுக்கு நடுங்காது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பேஷன்ட் வராங்க."